ஒரு தடவ விழுந்ததுல ரெண்டு முழங்கையும் போச்சு: ஏற்காட்டு கேஸ் ஒன்னு

ரெண்டு கையிலயும் ஒரே நேரத்துல முழங்கை உடையறது எவ்ளோ சகஜம்னு கேட்டா புத்தகப்படி பதில் சுலபம், ரொம்ப அபூர்வம், அவ்ளோதான். பெரியவங்களுக்கு முழங்கைல வர்ற முறிவுகள்ல கிட்டத்தட்ட மூணுல ஒன்னு ரேடியல் ஹெட்ல வர்றது, அதாவது முன்கையில கட்டைவிரல் பக்கமா ஓடுற ஆரை எலும்பு இருக்குல்ல, அதோட மேல் நுனில இருக்கற வட்டமான தலை. அது உடைஞ்சு வர்றவங்க நூறு பேரை எடுத்தா ஒன்னு ரெண்டு பேருக்குத்தான் ரெண்டு பக்கமும் சேர்ந்து உடைஞ்சிருக்கும், மத்தபடி இத பத்தி வெளிவந்திருக்கறதுல பெரும்பாலும் ஒத்தை ஒத்தை கேஸ் ரிப்போர்ட்தான். சேலத்துல ஒரு ஆர்த்தோ சார்கிட்ட பிசியோவா இருக்கற எனக்கு அந்த கணக்கு மேல கொஞ்சம் சந்தேகம் உண்டு. ரெண்டாவது கைய யாரும் சரியா பாக்கறதே இல்லைங்கறதுதான் என் சந்தேகம். ஏன் அப்படி சொல்றேன்னு இந்த கேஸ்ல தெரியும். அந்த நோயாளிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், பேர் போடல, அக்கான்னே சொல்றேன், அடையாளம் தெரியற சில விவரத்த மாத்தியிருக்கேன்.

அக்காவுக்கு 48 வயசு. சிவதாபுரம் பக்கம் வீடு, வீட்லயே வெள்ளிக் கொலுசு வேலை, கண்ணி கோத்து பத்தவைக்கிறது. சேலத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு வீட்ல இந்த வேலைதான். தரையில சம்மணம் போட்டு உக்காந்து ஒரு கையில கிடுக்கி ஒரு கையில நெருப்பு, நாள் பூரா ரெண்டு முன்கையும் திரும்பிட்டே இருக்கணும், பீஸ் கணக்குல கூலி, கை ஓடலன்னா காசு இல்ல. சுகர் பிரஷர் எதுவும் கிடையாது, மாதவிடாய் நின்னு மூணு வருஷம் ஆச்சு, அதுக்கு முன்னாடி எலும்பு எதுவும் உடைஞ்சதில்ல.

மே மாசம் குடும்பத்தோட ஏற்காடு போயிருக்காங்க, மலர் கண்காட்சி கூட்டத்துல மாட்டிட்டு ஏரிய சுத்திட்டு கடைசியா சேர்வராயன் கோயிலுக்கு போயிருக்காங்க. அது மலையோட உச்சி, 5,300 அடி சொச்சம், சாமி கும்பிட குகைக்குள்ள குனிஞ்சுதான் போகணும். கும்பிட்டுட்டு வெளிய வந்து தேங்கா பழக் கவர கையில வச்சிட்டு நின்னவங்கள பாத்து ஒரு குரங்கு வந்திருக்கு. கவர விட்டுட்டு நின்னிருந்தா ஒன்னும் ஆகியிருக்காது, இவங்க கவரோட சரிவுல ஓடியிருக்காங்க, தூறல் வேற, புல்லு ஈரம், செருப்பு வழுக்கி முன்பக்கமா குப்புற விழுந்திருக்காங்க. ரெண்டு உள்ளங்கையும் தரையில ஊனி. விழறப்ப கவர் கைய விட்டுப் போயிருச்சுங்கறத நான் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன், ஏன்னா அதுதான் இந்த கேஸ்ல முக்கியம், ஒரு கையில பொருள் இருந்திருந்தா இன்னொரு கை மட்டும்தான் ஊனியிருக்கும்.

இது ஏன் அபூர்வம்ங்கறதுக்கும் காரணம் அங்கதான் இருக்கு. நாம விழும்போது பெரும்பாலும் உடம்பு ஒரு பக்கம் திரும்பிடும், ஒரு கை முன்னாடி போய் வெயிட்ட வாங்கிக்கும், இன்னொரு கை தப்பிச்சிடும். ரெண்டு கையும் ஒரே சமயம், ஒரே மாதிரி ஊனணும்னா நேரா முன்னாடி விழணும். ஓடும்போது தடுக்கி விழறவங்க, சைக்கிள்ல முன் பிரேக்க அமுக்கி ஹேண்டில் பாருக்கு மேல தூக்கி எறியப்படறவங்க, இவங்களுக்குத்தான் அதிகம் வரும். விடிகாலைல அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் மிதிச்சு ஏறி வேகமா இறங்கற சைக்கிள் தம்பிங்க இத கொஞ்சம் மனசுல வச்சிக்கோங்க.

உள்ள என்ன நடக்குதுன்னா, உள்ளங்கை தரையில பட்டதும் அடி ஆரை எலும்பு வழியா மேல ஏறி அதோட தலைய மேல்கை எலும்பு மேல போய் மோத வைக்கும். முழங்கை வழியா போற பாரத்துல சுமார் 60 சதவீதம் இந்தப் பக்கமாத்தான் போகுது. விழற நேரத்துல முழங்கை எவ்ளோ மடங்கியிருக்குங்கறத வச்சு எது உடையும்னு மாறும், இறந்தவங்க கைய வச்சு பரிசோதன பண்ணி பாத்திருக்காங்க, 80 டிகிரிக்குள்ள மடங்கியிருந்தா ரேடியல் ஹெட், 90 கிட்ட இருந்து பின்பக்கம் நேரா அடி விழுந்தா முழங்கை முட்டி எலும்பு, 110க்கு மேலன்னா மேல்கை எலும்போட அடிப்பகுதி. அக்கா கைய கிட்டத்தட்ட நீட்டி ஊனியிருக்காங்க, அப்ப ரேடியல் ஹெட்தான். பொம்பளைங்களுக்கு கைய நீட்டும்போது முழங்கைல வெளிப்பக்கமா இருக்கற கோணம் ஆம்பளைங்கள விட கொஞ்சம் ஜாஸ்தி, அதனால வெளிப்பக்கம் பாரம் கூட விழுந்து ரெண்டு பக்கமும் உடையறதுக்கு வாய்ப்பு அதிகம்னு சிலர் எழுதியிருக்காங்க. இருக்கலாம், நான் அத ரொம்ப பெருசா எடுத்துக்கல.

சரி, விழுந்ததும் என்ன பண்ணாங்க? உள்ளங்கையில சிராய்ப்பு, அத கழுவிட்டு பஸ் ஏறிட்டாங்க. வளைவுக்கு வளைவு கம்பிய புடிக்க முடியல, ரெண்டு கையும் வலி, மகன்தான் புடிச்சு உக்கார வச்சிருக்கான். ராத்திரி வலது முழங்கை வீங்கிருச்சு, இடது அவ்ளோ வீங்கல. மறுநாள் பக்கத்துல ஒரு க்ளினிக்ல காட்டியிருக்காங்க, வலதுக்கு மட்டும் எக்ஸ்ரே, விரிசல் இருக்குன்னு சொல்லி 90 டிகிரில மாவு ஸ்லாப் போட்டு மூணு வாரம் அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. இடது கையும் வலிக்குதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க, அதுக்கு வந்த பதில், அது சதை அடி, வலதுக்கு கட்டு போட்டதால இடதுல பளு ஏறி வலிக்குது. இடது முழுசா நீளலையேன்னு மக கேட்டதுக்கு, வலதும் அதே அளவுதானே நீளுது, சில பேருக்கு அப்படித்தான்னு சொல்லியிருக்காங்க.

இந்தப் பதில்தான் என்னை இத எழுத வச்சது. எலும்பு மூட்டு வேலையில நாங்க எல்லாரும் முதல் நாள்ல இருந்து கத்துக்கறது, அடிபட்ட பக்கத்த நல்ல பக்கத்தோட ஒப்பிட்டு பாருங்கறதுதான். முட்டி ஆடுதா, இன்னொரு முட்டிய ஆட்டிப் பாரு. கை நீளலையா, இன்னொரு கைய நீட்டச் சொல்லு. சில பேருக்கு பிறவியிலயே அஞ்சு பத்து டிகிரி குறையும், சில பேருக்கு பின்னாடியே வளையும், அதனால அந்த ஆளோட அளவுகோல் அவரோட இன்னொரு கைதான். ரெண்டும் உடைஞ்சிருந்தா? ரெண்டும் ஒரே மாதிரி குறையும், ஒப்பிட்டா சமமா இருக்கும், சமமா இருக்கறத நார்மல்னு எழுதிடுவோம். அந்த க்ளினிக்ல இருந்தவங்களுக்கு ஒன்னும் தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன், எல்லா இடத்துலயும் சொல்லித் தர்ற வழியத்தான் அவங்களும் பண்ணியிருக்காங்க, இந்த மாதிரி கேஸ்ல அந்த வழியே ஏமாத்திடும். இதோட இன்னொன்னும் சேரும், அதிகமா வலிக்கிற பக்கம் எல்லார் கவனத்தையும் இழுத்துக்கும், நோயாளி உட்பட.

நடுவுல இன்னொரு கூத்து. மூணாவது நாள் பக்கத்து வீட்ல சொன்னாங்கன்னு இடது கைய சுளுக்குன்னு நெனச்சு ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போய் எண்ணெய் போட்டு உருவி விட்டிருக்காங்க. அன்னிக்கு ராத்திரிதான் வலி தாங்க முடியாம அழுதேன் தம்பின்னு சொன்னாங்க.

அஞ்சாவது நாள் எங்க சார்கிட்ட வந்தாங்க. வந்தது வலது கட்டு இறுக்கமா இருக்குன்னு காட்ட. உள்ள வரும்போது மகதான் கதவ தொறந்தா, நாற்காலிய இழுத்துப் போட்டா, அக்கா தண்ணி கேட்டப்ப டம்ளர புடிச்சு குடிக்க வச்சா. கட்டு போடாத இடது கை மடியில சும்மா கிடக்கு. ஒரு கை மட்டும் உடைஞ்சவங்க இன்னொரு கையால எல்லாத்தையும் பண்ணப் பழகிடுவாங்க, அஞ்சு நாள்ல டம்ளர் தூக்காதவங்கள நான் பாத்ததில்ல. சார்கிட்ட சொன்னேன், அவரும் அதையேதான் கவனிச்சிருந்தாரு.

ஸ்லாப்ப கழட்டிட்டு ரெண்டையும் அளந்தோம். வலது நீட்டறதுல 45 டிகிரி குறையுது, மடக்கறது 95 வரைக்கும்தான். இடது நீட்டறதுல 30 குறையுது, மடக்கறது 110. உள்ளங்கைய மேல பாக்க திருப்பறது ரெண்டுலயும் பாதி கூட இல்ல. முழங்கையோட வெளிப்பக்க எலும்பு மேட்டுக்கு கொஞ்சம் கீழ, விரல வச்சு ரேடியல் ஹெட்ட அமுக்கிட்டு இன்னொரு கையால முன்கைய மெதுவா திருப்புனா அடியில அது சுழல்றது தெரியும், இடதுல அப்படி திருப்புனப்ப அக்கா தோளையே தூக்கிட்டாங்க. அடிபட்ட கைய ஒருத்தர் முழுசா நேரா நீட்டிட்டாருன்னா முழங்கைல முறிவு இருக்கறதுக்கான வாய்ப்பு கம்மி, நீட்ட முடியலன்னா படம் எடுக்கணும், காசு செலவில்லாத சோதனை இது. இன்னொரு கைய பாக்காம, அந்தக் கைய மட்டும் வச்சு முடிவு பண்ணணும், அவ்ளோதான். ரெண்டு மணிக்கட்டையும் அமுக்கிப் பாத்தோம், ஏன்னா ரேடியல் ஹெட் உடைஞ்சு, ரெண்டு முன்கை எலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வும் கிழிஞ்சு, மணிக்கட்டு மூட்டும் விலகற ஒரு மோசமான வகை இருக்கு, எசெக்ஸ்-லொப்ரெஸ்டின்னு 1951ல இருந்து அந்தப் பேரு. அது இல்ல. கட்டைவிரல மேல தூக்கச் சொன்னோம், தூக்குனாங்க, அந்தப் பக்கம் ஓடுற நரம்பு நல்லா இருக்கு.

இடது எக்ஸ்ரேல முதல் பார்வைக்கு எலும்புல கோடே தெரியல. ஆனா பக்கவாட்டுப் படத்துல மூட்டுக்கு முன்னாடி இருக்கற கொழுப்பு, பாய்மரம் விரிச்ச மாதிரி மேல தூக்கியிருக்கு, பின்பக்கம் சாதாரணமா குழிக்குள்ள மறைஞ்சு கிடக்கற கொழுப்பும் கருப்பா வெளிய தெரியுது. மூட்டுக்குள்ள ரத்தம் கட்டி அது ரெண்டையும் தள்ளுனாத்தான் அப்படி தெரியும். முன்பக்கக் கொழுப்பு கொஞ்சமா தெரிஞ்சா அது நார்மலாவும் இருக்கலாம், 90 டிகிரி மடக்கி எடுத்த படத்துல பின்பக்கக் கொழுப்பு தெரிஞ்சா நார்மல் கிடையாது, அடிபட்ட பெரியவங்கன்னா பெரும்பாலும் ரேடியல் ஹெட்தான். சார் எக்ஸ்ரே குழாய 45 டிகிரி சாய்ச்சு இன்னொரு படம் எடுக்கச் சொன்னாரு, அதுல மெல்லிசா கோடு வந்துச்சு, விலகல் இல்ல. ரேடியல் ஹெட் முறிவ பிரிக்கறதுக்கு மேசன்ங்கறவர் போட்ட வகைப்பாட்டுல இது முதல் வகை. 1954ல அவர் போட்ட பிரிவத்தான் இன்னிக்கும் கொஞ்சம் மாத்தி எல்லாரும் வச்சிருக்காங்க, விலகாத விரிசல் ஒன்னு, விலகின துண்டு ரெண்டு, நொறுங்கிப் போனது மூணு. வலதுக்கு சி.டி. எடுத்ததுல தலையில கால்வாசி துண்டு, 2 மி.மீ.க்கு சொச்சம் கீழ இறங்கியிருக்கு, அது ரெண்டாவது வகை.

அடுத்தது, வலதுக்கு ஆபரேஷனா இல்லையா. உடைஞ்ச துண்டு, கை திரும்பறத தடுக்குதாங்கறதுதான் இதுல கேள்வி, படத்துல எத்தன மில்லிமீட்டர்ங்கறத விட அது முக்கியம். வலியால திரும்பலையா, துண்டு இடிச்சு திரும்பலையான்னு வெறும் கையால பாத்தா தெரியாது. அதனால சார் முழங்கை வெளிப்பக்கம் மூணு எலும்பு மேட்டுக்கு நடுவுல இருக்கற மெத்துனு இருக்கற இடத்துல ஊசி விட்டு ரத்தத்த எடுத்தாரு, கருஞ்சிவப்பா கொஞ்சூண்டு, கிட்னி ட்ரேல ஊத்தினதும் மேல சின்னச் சின்னதா எண்ணெய்ப் பொட்டு மெதந்துச்சு. எலும்பு மஜ்ஜையில இருந்து வர்ற கொழுப்பு அது, மூட்டுக்குள்ள எலும்பு உடைஞ்சிருக்குன்னு அதுவே சொல்லிடும். மக எட்டிப் பாத்துட்டு, என்னங்க சார் ரசம் மாதிரி எண்ணெய் மெதக்குதுன்னா, அக்கா வலியிலயும் சிரிச்சிட்டாங்க. அதே ஊசி வழியா மரத்துப்போற மருந்த விட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு கைய திருப்பினா, எங்கயும் இடிக்காம திரும்புது. அப்ப ஆபரேஷன் வேணாம்னு முடிவாச்சு. இரண்டாவது வகைக்கு எல்லாரும் இப்படி முடிவெடுக்க மாட்டாங்க, ஸ்க்ரூ போடறவங்களும் இருக்காங்க, அதுல ரொம்ப நாளா சண்டை ஓடுது. சுவீடன்ல மால்மோ ஊர்ல 2ல இருந்து 5 மி.மீ. வரைக்கும் விலகினவங்கள ஆபரேஷன் பண்ணாம விட்டு பல வருஷம் கழிச்சு கூப்பிட்டுப் பாத்ததுல பெரும்பாலானவங்க வேலை வெட்டின்னு நல்லாவே இருந்திருக்காங்க, எங்க சார் அந்தப் பக்கம் சாய்றவரு.

ஸ்லாப் மறுபடி போடல. இது அக்கா வீட்ல பெரிய பிரச்சன ஆச்சு. எலும்பு உடைஞ்சிருக்கு, ரெண்டு கையும் உடைஞ்சிருக்குன்னு வேற சொல்றீங்க, கட்டே போடாம அனுப்புனா எப்படின்னு அவங்க வீட்டுக்காரர் குரல ஏத்திட்டாரு. நியாயமான கேள்விதான். அவருக்கு நான் சொன்னத இங்கயும் சொல்றேன். உடம்புல சீக்கிரமா இறுகிப் போற மூட்டுகள்ல முழங்கை ஒன்னு, மூணு வாரம் மடக்கியே வச்சா அப்புறம் நீட்டறதுக்கு மூணு மாசம் ஆகும், சில பேருக்கு திரும்பவே வராது. ரேடியல் ஹெட்ல முதல் வகைக்கு ரெண்டு மூணு நாள் கைய கழுத்துல மாட்டற தூளியில தொங்க விட்டுட்டு வலி தாங்கற அளவுக்கு ஆட்ட ஆரம்பிக்கறதுதான் வைத்தியமே. ஒரு கைன்னா தப்பா மூணு வாரம் கட்டு போட்டா கூட இன்னொரு கைய வச்சு ஒப்பேத்திடுவாங்க. ரெண்டு கையும்னா?

ரெண்டு முழங்கையும் 90 டிகிரில நின்னா என்ன ஆகும்னு யாராச்சும் வீட்ல பத்து நிமிஷம் பண்ணிப் பாருங்க. கை வாய்க்குப் போகாது, 130 டிகிரி கிட்ட மடங்கினாத்தான் சோறு வாய்க்கு வரும், அதுவும் உள்ளங்கை மேல திரும்பணும். பின்னாடி கழுவ இடது கை நீளணும், திரும்பணும். தலைமுடி முடிய முடியாது, ஜாக்கெட் கொக்கி போட முடியாது, ஃபோன காதுல வைக்க முடியாது, காதுக்கு ஃபோன் வைக்கறதுக்குத்தான் கை ரொம்ப மடங்கணும். 1981ல ஒரு அளவு எடுத்து வச்சாங்க, அன்றாட வேலைக்கு 30ல இருந்து 130 வரைக்கும் மடங்கி நீண்டா போதும், உள்ளங்கை மேலயும் கீழயும் 50, 50 திரும்பினா போதும்னு. அந்த அளவு வெள்ளைக்காரங்க வாழ்க்கைய வச்சு எடுத்தது, அதுல கையால அள்ளிச் சாப்பிடறதோ தண்ணி ஊத்திக் கழுவறதோ தரையில இருந்து கை ஊனி எந்திரிக்கறதோ எந்த அளவுக்கு இருந்திருக்கும்? நம்ம ஊருக்கு வலது கைக்கும் இடது கைக்கும் தனித்தனி வேலை, ஒன்னோட வேலைய இன்னொன்னுக்கு மாத்தச் சொன்னா மனசு ஒப்பாது. அக்காகிட்ட முதல்ல எந்த வேலை திரும்பி வரணும்னு கேட்டேன், சாப்பாடு யாராச்சும் ஊட்டி விட்டுடுவாங்க தம்பி, பாத்ரூம்தான்னாங்க, சொல்லும்போது தல குனிஞ்சிருந்துச்சு. மக சங்ககிரில கட்டிக் கொடுத்தவ, எத்தன நாள் இருக்க முடியும், மருமககிட்ட அத கேக்க இவங்களுக்கு கூச்சம்.

அதனால இடது கைக்கு எங்க முதல் இலக்கே அதுதான்னு வச்சோம். புத்தகத்துல முதல்ல மடக்கறத பாருன்னு இருக்கும், நாங்க இடதுல திருப்பறதையும் நீட்டறதையும் முன்னாடி போட்டோம், வலதுல மடக்கறத. பாத்ரூம்ல கை ஷவர் ஒன்னு போடச் சொன்னோம், கோப்பைக்கு மேல வைக்கிற உயர இருக்கை ஒன்னு வாடகைக்கு எடுத்தாங்க. சேலைக்கு பதிலா முன்பக்கம் ஜிப் வச்ச நைட்டி. நீள காம்பு கரண்டி. ஃபோனுக்கு ஸ்பீக்கர். இதெல்லாம் சில்லறை விஷயமா தெரியும், ஆனா கழுவறதுக்கு இன்னொருத்தர் வேணாம்ங்கற நாள் வந்ததுல இருந்துதான் அக்கா பயிற்சிய ஒழுங்கா செஞ்சாங்க.

பயிற்சின்னு பெருசா ஒன்னுமில்ல. மல்லாக்க படுத்து, மேல்கைய நேரா மேல தூக்கி வச்சுட்டு முன்கைய தானா மடக்கி நீட்டறது, புவியீர்ப்பே உதவி பண்ணும். முழங்கைய இடுப்போட ஒட்டி வச்சுட்டு கையில ஒரு கரண்டிய புடிச்சு மேல கீழ திருப்பறது, கரண்டிக் காம்பு எவ்ளோ சாயுதுன்னு அவங்களுக்கே தெரியும். ஒரு நாளைக்கு அஞ்சாறு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் கொஞ்சம். துண்டுல சுத்தி ஐஸ். வேற யாரும் கைய புடிச்சு நீட்டக் கூடாது, அவங்களேதான் பண்ணணும், இத மகன்கிட்ட ரெண்டு மூணு தடவ அழுத்திச் சொன்னேன், பாசத்துல இழுத்து விட்டுடுவாங்க.

செய்யக் கூடாததுதான் இவங்களுக்கு கஷ்டம். ஆறு வாரத்துக்கு டம்ளர் தண்ணிக்கு மேல எதுவும் தூக்கக் கூடாது, கைய ஊனி எந்திரிக்கவே கூடாது. ரெண்டாவதுதான் ரொம்ப முக்கியம், உள்ளங்கைய ஊனி எந்திரிச்சா விழுந்தப்ப போன அதே வழியில பாரம் போய் துண்டு இன்னும் இறங்கும். ஒரு கை உடைஞ்சவங்க நல்ல கைய ஊனி எந்திரிப்பாங்க, இவங்களுக்கு ஊன கையே இல்ல. வாழ்நாள் பூரா பாய்ல படுத்து, தரையில உக்காந்து வேலை பாத்தவங்கள கட்டில்லயும் நாற்காலிலயும் இருக்கச் சொன்னோம், கால் பலத்துலயே எந்திரிக்க பழக்கினோம். இரும்புக் கட்டில் கொஞ்சம் உயரம் கம்மியா இருந்துச்சு, கால்களுக்கு அடியில செங்கல் வச்சு உயர்த்திட்டாங்க.

உருவி விட்டதுதான் எனக்கு உள்ளூர பயமா இருந்துச்சு. அடிபட்ட முழங்கைய எண்ணெய் போட்டு உருவினா சுத்தி இருக்கற தசைக்குள்ளயே எலும்பு வளர ஆரம்பிக்கலாம், வளர்ந்துட்டா மூட்டு பூட்டு போட்ட மாதிரிதான். கட்டு வைத்தியம் பாக்கறவங்கள எல்லாம் நான் திட்ட வரல, புத்தூர் கட்டுன்னு நம்பி போய் குணமாகி வந்தவங்க எல்லா வீட்லயும் ஒருத்தர் இருக்காங்க, விலகாத எலும்பு பெரும்பாலும் தானா சேரும். முழங்கைய மட்டும் உருவாதீங்க, அது முழுசா நீளாம இருக்கும்போது சுளுக்குன்னு யாரும் முடிவு பண்ணாதீங்க. நல்லவேளை ஆறாவது வார எக்ஸ்ரேல இடதுல அப்படி எதுவும் வரல.

இங்க பசங்க விஷயத்தையும் சொல்லிடறேன், மாம்பழ சீசன்ல வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துல இருந்து மரத்துல ஏறி விழுந்த பசங்க வருவாங்க. அவங்களுக்கு உடையறது ரேடியல் ஹெட் இல்ல, மேல்கை எலும்போட அடிப்பகுதி, முழங்கைக்கு சற்று மேல, அஞ்சுல இருந்து ஏழு வயசுல அதிகம். அதுலயும் ரெண்டு பக்கமும் சேர்ந்து உடையறது ரொம்ப அபூர்வம். ஆனா அது ஒரு பக்கம் உடைஞ்சாலே அவசரம், ரத்தக் குழாய் பக்கத்துலயே ஓடுது. விரல் வெளுத்துப் போனா, விரல நீட்டி விட்டா வீல்னு கத்துனா, மரத்துப் போச்சுன்னு சொன்னா அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரி, காலைல பாத்துக்கலாம்கறது கிடையாது. அக்கா கேஸ்ல இருந்த நிதானம் அதுல செல்லாது.

அக்காவுக்கு மூணாவது வாரம் இடது 10 டிகிரி குறைய நீண்டுச்சு, 130 மடங்குச்சு. வலது 25 குறைய, 120 மடக்கு, சோறு வாய்க்கு எட்டாம தலைய குனிஞ்சு சாப்பிட்டாங்க, ஆனா அவங்க கையால. ஆறாவது வாரம் ரெண்டுலயும் எலும்பு சேர ஆரம்பிச்சிடுச்சு, வலது துண்டு மேற்கொண்டு இறங்கல. அப்பதான் கொலுசு வேலை பேச்ச எடுத்தாங்க. முதல்ல கண்ணி கோக்கறது மட்டும், மேசை போட்டு நாற்காலில உக்காந்து, பத்தவைக்கறது அப்புறம். மேசைல உக்காந்து வேலை பாத்தா தெருவுல சிரிக்கறாங்கன்னு குறை வேற. மூணு மாசத்துல இடது முழுசா வந்துருச்சு, வலதுல நீட்டும்போது 10 டிகிரி குறையுது, அது அப்படியே நின்னுடும்னு நெனைக்கறேன், வேலைக்கு அது தடையா இல்ல.

இன்னொன்னு பாக்கி இருந்துச்சு. நின்ன உயரத்துல இருந்து விழுந்து ரெண்டு எலும்பு உடையுதுன்னா விழுந்தத மட்டும் காரணமா எழுதிட்டு விட்டுட முடியாது. பொம்பளைங்களுக்கு ரேடியல் ஹெட் முறிவு அம்பது வயச ஒட்டி அதிகம் வர்றது, ஆம்பளைங்களுக்கு அதுக்கு கொஞ்சம் முன்னாடி, இந்த வித்தியாசத்துக்கு எலும்பு அடர்த்தி ஒரு காரணம். சார் எலும்பு அடர்த்திய அளக்கற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு, டி ஸ்கோர் மைனஸ் 1.8, அதாவது எலும்பு மெலிய ஆரம்பிச்சிருக்கு, மைனஸ் 2.5 இல்ல அதுக்கு கீழ போனாத்தான் ஆஸ்டியோபோரோசிஸ்னு சொல்லுவாங்க. வைட்டமின் டி ரொம்ப கம்மி. நாள் பூரா வீட்டுக்குள்ள நெருப்பு முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு வெயில் எங்க இருந்து படும்? மாத்திரை எழுதிக் கொடுத்தாரு, காலைல கொஞ்ச நேரம் வெளிய நடங்கன்னாரு. நடக்கறாங்க. கால்சியம் மாத்திரை மட்டும் சாப்பிட்டா வயிறு மந்தமா இருக்குன்னு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறதா மக ஃபோன்ல சொன்னா, அடுத்த ரிவ்யூல சார் அத மாத்திக் கொடுப்பாரு.